வாட்டில் படுத்தால் காசு, கிளினிக் வரிசையில் நின்றால்? ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்புறுதி

ஓய்வூதியம் எடுக்கிற பலருக்கும் மாதாந்தம் ஒரு தொகை கழிந்துதான் கைக்கு வருகிறது. அரச ஊழியர்களுக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவுக்கான கழிவு அது. "மாசம் மாசம் கழியிது மனே, என்னத்துக்கெண்டு தெரியா" என்ற பேச்சு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இலிகிதர்களும் தாதியரும் கூடுகிற இடங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. கழிவு தெரிகிறது, அதற்கு ஈடாகக் கிடைப்பது தெரியவில்லை. தெரியாததால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விடுகிறார்கள், பில்லுகளைத் தொலைத்துவிடுகிறார்கள், மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசில் முழுச்செலவையும் சமாளிக்கிறார்கள்.

ஓய்வு பெற்றவருக்கு நோய் வந்தால் அரசிடமிருந்து என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. அவர் எங்கே வேலை செய்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். பாடசாலை அதிபருக்கு ஒரு பதில், வாழைச்சேனை கடதாசி ஆலையில் வேலை செய்து வெளியேறியவருக்கு வேறொரு பதில், திருக்கோவிலில் வயல் செய்தவருக்கு இன்னொரு பதில். ஆனால் மூன்று பேருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லாமல் காப்புறுதி பற்றிப் பேசினால் கணக்குப் பிழைத்துவிடும்.

முதல் காப்புறுதி வைத்தியசாலைதான்

1951இல் இலங்கை அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். இன்று எழுபது கடந்தவர்களுக்கு அந்த டிக்கெட் நினைவிருக்கும். 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். வரிப்பணத்தில் நடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அட்டை தேவையில்லை, தவணைப் பணம் இல்லை, வயது எல்லை இல்லை, ஏற்கெனவே இருந்த நோய் என்று தள்ளிவைப்பதும் இல்லை. எழுபத்தைந்து வயதில், சீனி வருத்தமும் பிரசரும் உள்ள ஒருவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தனியார் காப்புறுதிக் கம்பனிகள் தயங்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை அவரை வாட்டில் சேர்க்கும்.

மாரடைப்பு, பக்கவாதம், எலும்பு முறிவு, பெரிய சத்திரசிகிச்சை என்று வரும்போது குடும்பத்தை நிலைகுலைய விடாமல் தாங்குவது இந்த இலவச வாட்டுதான். நாட்டில் வாட்டில் தங்கிப் பெறும் சிகிச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரச வைத்தியசாலைகளிலேயே நடக்கிறது. வெளிநோயாளர் சிகிச்சையில் அரசின் பங்கு ஏறத்தாழப் பாதிதான். மற்றப் பாதி காசு கட்டி நிபுணரைப் பார்க்கிற சனலிங் நிலையத்திலும் தனியார் டிஸ்பென்சரியிலும் பாமசியிலும் சொந்தக் காசில் நடக்கிறது. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவிலும் கிட்டத்தட்டப் பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. இலவச மருத்துவம் உள்ள நாட்டில் இவ்வளவு சொந்தச் செலவு எப்படி என்று கேட்டால், விடை அந்த வெளிநோயாளர் பாதியில் இருக்கிறது. 1977க்குப் பிறகு அரச வைத்தியர்கள் கடமை நேரம் முடிந்த பின் தனியாக நோயாளரைப் பார்க்கலாம் என்றானது. காலையில் கிளினிக்கில் பார்க்கிற அதே நிபுணரை மாலையில் காசு கட்டிப் பார்க்கும் பழக்கம் அதிலிருந்து வளர்ந்தது.

அக்ரஹார எதற்கு, எதற்கில்லை

அக்ரஹார அரச ஊழியர்களுக்கான மருத்துவக் காப்புறுதி. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. மாகாண சபை ஊழியர்களும் இதற்குள் வருகிறார்கள். எனவே கிழக்கு மாகாணப் பாடசாலையொன்றில் கற்பித்தவர் மத்திய அரசின் ஊழியர் அல்லவே என்று விலகி நிற்கத் தேவையில்லை. சேவையில் இருப்பவர்கள் சாதாரண நிலைக்கு மேல் கூடுதலாகக் கட்டி வெள்ளி, தங்கம் என்ற நிலைகளுக்குப் போகலாம். அவர்களுடைய பட்டியலில் வைத்தியசாலைச் செலவு, பெரிய நோய்கள், பிரசவம், மூக்குக்கண்ணாடி, விபத்து, மரணம் எல்லாம் உண்டு.

ஓய்வு பெற்றதும் அந்தப் பட்டியல் அப்படியே கூட வருவதில்லை. ஓய்வூதியருக்கு வேறு சந்தா, வேறு நன்மைகள், வேறு உச்ச எல்லைகள். இங்கே 2016 ஜனவரி 1 ஒரு முக்கியமான திகதி. அதற்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு முதலில் திட்டம் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள், அதாவது வயதும் நோயும் கூடியவர்கள், பல வருடங்கள் வெளியே நின்று பின்னர்தான் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே ஒரே பாடசாலையில் ஒன்றாகக் கற்பித்த இருவர் தமது கழிவை ஒப்பிட்டுப் பார்த்து "எனக்கு ஏன் வேற மாதிரிக் கழியிது" என்று குழம்பத் தேவையில்லை. ஓய்வு பெற்ற திகதியைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஓய்வு பெறும் தறுவாயில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளியோ தங்கமோ என்ற நிலையில் இருந்து, முழங்கால் சத்திரசிகிச்சை போன்ற ஒன்றை "ஓய்வு எடுத்த பிறகு ஆறுதலாச் செய்வம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அறுபதாவது பிறந்தநாளைத் தாண்டியதும் அவர்கள் வேறொரு பட்டியலுக்குள் போகிறார்கள். வைத்தியர் இப்போதே செய்யலாம் என்று சொன்ன சிகிச்சையானால், சேவையில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது காசுக்கணக்கில் புத்திசாலித்தனம்.

அக்ரஹாரவின் அடிப்படை, வாட்டில் தங்கிப் பெறும் சிகிச்சை. தனியார் வைத்தியசாலையில் தங்கினால் பில்லில் ஒரு பகுதி, உச்ச எல்லைக்கு உட்பட்டு, திரும்பக் கிடைக்கும். கொழும்புக்கு அனுப்பப்படுகிற சிலர் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலைக்குப் போகிறார்கள். 1984இல் ஜப்பானின் உதவியோடு திறக்கப்பட்ட அது அரசுக்குச் சொந்தமானது என்றாலும் கட்டணம் அறவிடும் இடம். அங்கே கட்டிய பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: அரச வைத்தியசாலையின் இலவச வாட்டில் தங்கிய நாட்களுக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு நாட்கொடுப்பனவு உண்டு. "அரசாங்க ஆசுபத்திரிதானே, பில்லே இல்லை, எதைக் காட்டிக் கேட்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். பில் இல்லாவிட்டாலும் டயக்னோசிஸ் காட் இருக்கிறது. எந்தத் திகதியில் சேர்ந்தார், எந்தத் திகதியில் துண்டு வெட்டினார்கள், என்ன நோய் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று வாட்டை விட்டு வெளியேற முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது படும் பாடு தெரிந்ததுதான். ஒருவரின் பெயர் ஓய்வூதியக் கோப்பில் ஒரு விதமாகவும், டயக்னோசிஸ் காட்டில் இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் இருந்தால் கோரிக்கை கொழும்பு போய்த் திரும்பி வரும். பிறகு அதைத் திருத்த நோயாளியே மறுபடி வைத்தியசாலைக்கு அலைய வேண்டும்.

கோரிக்கைக்குக் கால எல்லை உண்டு. வீட்டுக்கு வந்த வாரத்திலேயே யாராவது ஒருவர் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்குப் போய்ப் படிவத்தை எடுத்துவிடுவது நல்லது. நோயாளி எழும்பி நடமாடும்வரை காத்திருந்தால் நாட்கள் ஓடிவிடும். பில்லுகளின் மூலப்பிரதியைக் கொடுக்கும்முன் பிரதி எடுத்து வைப்பதும், எந்தத் திகதியில் யாரிடம் கொடுத்தோம் என்று எழுதி வைப்பதும் பிறகு கைகொடுக்கும்.

சீனி வருத்தத்துக்கு வாட்டு தேவையில்லை

ஓய்வு பெற்ற வயதில் வரும் நோய்களில் பெரும்பாலானவை ஒருவரை வாட்டில் படுக்க வைப்பவை அல்ல. சீனி, பிரசர், கொலஸ்ரோல், மூட்டுவலி, தைரொயிட், மூச்சிளைப்பு, கண்பார்வை மங்கல் எல்லாம் வருடக்கணக்கில் கூடவே வரும். நாளாந்தம் குளிசை, சில மாதங்களுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை, எப்போதாவது ஒரு ஸ்கான், வருடத்தில் இரண்டு மூன்று தடவை நிபுணரிடம் சனல். வாட்டில் தங்காமல் நடக்கும் இந்தச் செலவுதான் ஓய்வூதியத்தைச் சிறுகச் சிறுக அரிக்கிறது. அக்ரஹார போன்ற காப்புறுதி கட்டப்பட்டிருப்பதோ கட்டிலைச் சுற்றி. கட்டிலில் படுத்தால் கணக்குத் தொடங்குகிறது. கிளினிக் வரிசையில் நிற்பவருக்கும் பாமசியில் காசு கொடுப்பவருக்கும் அதில் இடமில்லை.

திட்டத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். நாற்பது வயது ஊழியருக்கு இந்த வடிவம் பொருந்தும். அவருக்கு நோய் எப்போதாவது ஒரு தடவை, விபத்தாகவோ சத்திரசிகிச்சையாகவோ வரும். எழுபது வயது ஓய்வூதியருக்கு நோய் மாதாந்தச் செலவு. மாதாமாதம் சந்தா கொடுப்பவருக்கு மாதாமாதம் வரும் செலவில் ஒன்றுமே கிடைக்காவிட்டால், கழிவைப் பார்த்துச் சலிப்பது இயல்பு. ஓய்வூதியர் சங்கங்கள் சந்தாவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதை விட, நீண்டகால நோய்களுக்கான மருந்திலும் பரிசோதனையிலும் ஒரு பகுதியையாவது உள்ளே கொண்டுவரச் சொல்லிக் கேட்டால் உறுப்பினர்களுக்குக் கூடுதல் பயன் கிடைக்கும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 12.4 வீதமானோர் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். அந்தப் பங்கு வளர்ந்துகொண்டே போகிறது.

அதுவரை இந்த இடைவெளியை நிரப்புவது அரச கிளினிக்தான். கிளினிக் கொப்பி உள்ள ஒருவருக்கு ஒரு மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பரிசோதனைகள் அங்கேயே நடக்கின்றன. கண்ணுக்கோ இருதயத்துக்கோ வேறு பிரிவுக்கு அனுப்புவதும் அந்தக் கொப்பி வழியாகத்தான். மாலையில் சனல் பண்ணுகிறவர்களும் கிளினிக்கைக் கைவிடக் கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான். ஒரு வருடம் போகாமல் விட்டால், பெரிய சிகிச்சைக்குப் பெயர் கொடுக்க வேண்டி வரும் நாளில் மறுபடி தொடக்கத்திலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபாலில் வீடு தேடி வந்தன. பதிவேட்டில் பெயரும் சரியான முகவரியும் இருந்தவர்களுக்குத்தான் அது சாத்தியமானது.

கிளினிக்குக்குப் போதனா வைத்தியசாலைதான் வேண்டும் என்றும் இல்லை. களுவாஞ்சிகுடி, ஏறாவூர், காத்தான்குடி, வாழைச்சேனை, கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. சீனி, பிரசர் அளவுக்கு அவை போதும். ஆனால் அந்தப் பட்டியலை வாசித்தாலே ஒன்று தெரியும்: ஏறத்தாழ எல்லாம் எழுவான்கரையில், அதாவது கடலோரப் பக்கத்தில். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மகிழடித்தீவு போன்ற சிறிய வைத்தியசாலைகள் இருந்தாலும், நிபுணரைப் பார்க்க வாவியைக் கடக்கத்தான் வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் இலேசாகிவிட்டது. வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள ஒரு முதியவருக்கு இன்னமும் ஒரு கிளினிக் என்பது ஒரு நாள் கூலியும் ஓட்டோக் காசும். இந்தப் போக்குவரத்துச் செலவை எந்தக் காப்புறுதியும் பார்ப்பதில்லை. அவசரம் என்றால் 1990 சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மாதாந்தக் கிளினிக்குக்கு அது வராது.

மருந்து இல்லை, வெளியே எடுங்கள் என்று துண்டு எழுதித் தரும் நாட்களும் வருகின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் அது எல்லை மீறிப் போனது. அந்தத் துண்டோடு போகிறவர்கள் பாமசியில் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில் உள்ள விலை குறைந்ததைக் கேட்கலாம். பேராசிரியர் சேனக பிபிலே தலைமையில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதன் அடிப்படையே அதுதான்: வியாபாரப் பெயருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிப்பது. அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடைகளில் விலையைக் கேட்டுவிட்டு மற்ற இடத்தில் வாங்குவதே நல்ல பழக்கம். கண் சத்திரசிகிச்சைக்கு வில்லையோ, எலும்புக்குத் தகடோ வெளியே வாங்கச் சொன்னால், அந்தப் பற்றுச்சீட்டு நோயாளியின் பெயரில், திகதியோடு இருக்க வேண்டும். வாட்டில் தங்கிய சிகிச்சையோடு சேர்ந்த செலவு என்று பிறகு காட்டுவதற்கு அது வேண்டும்.

ஓய்வூதியமே இல்லாதவர்கள்

இவ்வளவும் அரச ஓய்வூதியருக்கு. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வயதானவர்களில் பெரும்பாலானோர் வயலிலும் கடலிலும் கடையிலும் கூலி வேலையிலும் கழித்தவர்கள். கடதாசி ஆலை, ஹிங்குரான சீனித் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலை செய்தவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி இருந்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் அதில் சேர்கின்றன. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்த காசு வீட்டுக்கும் மகளின் கலியாணத்துக்கும் போய்விடும். அதன் பின் அந்த நிதிக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை. மருத்துவக் காப்புறுதி எதுவும் அதில் பின்தொடர்வதில்லை. வேலையில் இருக்கும்போது மருத்துவத் தேவைக்காக மீதியில் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க 2012 திருத்தம் இடம் கொடுத்தது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் சத்திரசிகிச்சைகளுக்கு உதவி உண்டு, அதுவும் வேலையில் இருந்து பங்களிப்புப் போய்க்கொண்டிருக்கும் உறுப்பினருக்கு. ஆகவே தனியார் துறையில் ஐம்பதுகளில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் வேலையை விடும்முன் நினைவில் வைக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் சட்டப்படி ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. 2012இல் விவசாயிகள் ஓய்வூதிய நிதி தீர்ந்து கொடுப்பனவே நின்றுபோனதும், பின்னர் மீண்டும் தொடங்கியதும் இங்குள்ள கமக்காரருக்குத் தெரியும். கிடைப்பது சிறு தொகை. வைத்தியச் செலவுக்கு அதை நம்ப முடியாது.

இவர்களுக்கு மிஞ்சுவது இலவச வைத்தியசாலையும், வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும் உதவிகளும்தான். எழுபது வயது தாண்டிய வறியவருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆகவும், சிறுநீரக நோயாளருக்கானது 7,500இலிருந்து 10,000 ஆகவும் கூட்டப்பட்டன. இவற்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிவு வேண்டும். பெரிய சத்திரசிகிச்சை, புற்றுநோய், சிறுநீரக மாற்று என்றால் ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். முன்பு அதற்குக் கொழும்பு போக வேண்டும். இரவு ரயிலில் போய், பத்திரம் ஒன்று குறைந்தால் மறுபடியும் போக வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். கிழக்குக்கு இது உண்மையிலேயே பெரிய மாற்றம், ஆனால் இன்னும் பலருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. சிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் விண்ணப்பிக்க வேண்டும். முடித்துவிட்டுப் பில்லோடு போகலாம் என்று இருக்கக் கூடாது.

எழுத்தில் கேளுங்கள்

சந்தாவும் நன்மையின் அளவும் சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறுகின்றன. பக்கத்து வீட்டு ஓய்வூதியருக்குப் போன வருடம் கிடைத்த தொகை இந்த வருடத்துக்கு அளவுகோல் ஆகாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் பாதி சேவையில் உள்ளவர்களுக்கானவை, ஓய்வூதியருக்கு உரியவை அல்ல. கணவர் இறந்து மனைவி விதவை ஓய்வூதியத்துக்கு மாறும்போது காப்புறுதி அப்படியே தொடரும் என்று எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கோப்பைக் கொடுக்கும் அன்றைக்கே இதையும் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

சிங்களத்தில் மட்டும் படிவம் இருக்கிறது என்று சொன்னால் தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் அரசியலமைப்புப்படி நிர்வாக மொழி. வாய்மொழியாகத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவை அதிகமில்லை: நான் எந்தத் திகதியிலிருந்து உறுப்பினர், என் வாழ்க்கைத்துணை இதில் அடங்குகிறாரா, அரச வாட்டில் ஒரு நாளுக்கு எவ்வளவு, தனியார் வைத்தியசாலைக்கு வருட உச்ச எல்லை எவ்வளவு, கோரிக்கையை எத்தனை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சங்கம் ஒன்று இந்த ஐந்து கேள்விகளையும் தன் உறுப்பினர் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கேட்டு, வரும் பதிலைப் பிரதேச செயலக அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்ட வைத்தால், கழிவு எதற்கென்று தெரியாமல் யாரும் இருக்க வேண்டியதில்லை.